முன்வழக்கும் முறைமையும்: சிலப்பதிகாரக் கட்டுரை காதையை முன்வைத்து

'வழக்கு' என்னும் சொல் தமிழில் இருபொருள்பட வழங்குவது. மக்களிடையே நெடுங்காலம் பயின்றுவரும் நடைமுறையும் வழக்கு. மன்றத்தில் ஒருவர் மற்றொருவர்மேல் தொடுப்பதும் வழக்கு. இலக்கண நூலார் உலக வழக்கு, செய்யுள் வழக்கு எனப் பகுத்தபோது முதற்பொருளைக் கொண்டனர். சிலப்பதிகாரத்தின் 20ஆம் காதை 'வழக்குரை காதை' எனப் பெயர்பெறும்போது இரண்டாம் பொருள் முன்னிற்கிறது. முன்பு நடந்தது யாது எனத் தேடுவதும் இப்போது நடந்ததற்கு முறை கேட்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இவ்விரு பொருளையும் மனத்திற்கொண்டு இளங்கோவடிகளின் காப்பியத்தை மீண்டும் படிக்கும்போது, இதுவரை போதிய கவனம் பெறாத ஓர் இழை புலப்படுகிறது. முன்பு நிகழ்ந்த வழக்குகளை யார் எடுத்துரைக்கிறார், எப்போது எடுத்துரைக்கிறார், யார் காதில் அது விழுகிறது என்பதே அவ்விழை.

மதுரைக் காண்டத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் பதிகம் கூறும் மூன்று உண்மைகளை அளவுகோலாகக் கொண்டனர். அவர்களுக்கு வழக்குரை காதை உச்சம். கட்டுரை காதை அவ்வுச்சத்துக்குப் பின்வரும் ஊழ்வினை விளக்கம். மதுராபதித் தெய்வம் கதைமேல் கதையாகச் சொல்லிக்கொண்டு போவது காப்பியத்தின் விரைவைத் தடை செய்கிறது என்று வகுப்பறைகளில் சொல்லப்படுவதையும் கேட்டிருக்கிறோம். அடியார்க்கு நல்லார் உரை அக்காதைக்குக் கிடைக்காமற் போனதும் இப்புறக்கணிப்புக்கு ஒரு காரணம் எனலாம். அக்காதையை வழக்குகளின் தொகுப்பாகப் படிக்க இக்கட்டுரை முற்படுகிறது. அப்படிப்பின் பயனைக் கண்ணகி கோட்டம் நிற்கும் இடுக்கி மலையெல்லையில் வைத்துப் பார்ப்பது கட்டுரையின் இறுதிப்பகுதி.

பொற்கொல்லன் காட்டிய முன்நிகழ்வுகள்

மன்னன் இட்ட ஆணையை முதலில் நோக்க வேண்டும். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்தவன், தன் தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்கிறான். 'கொல்லக் கொணர்க' என எண்ணியவன் நாப்பிறழ்ந்து 'கொன்று' எனக் கூறிவிட்டான் என்றொரு விளக்கம் உரைமரபில் உண்டு. அவ்விளக்கம் சுவையானதே. ஆயினும் ஆணையின் முன்பகுதியில் உள்ள நிபந்தனையை அது மறைத்துவிடுகிறது. கையில் இருப்பது தேவியின் சிலம்புதானா என்பது தெளியப்பட்ட பின்னரே கொலை என்பது அந்நிபந்தனையின் பொருள். தெளிவுபடுத்தும் பொறுப்பு காவலரிடம் போய்ச் சேர்ந்தது. காவலரிடமிருந்து பொற்கொல்லன் அதைப் பறித்துக்கொண்டான்.

காவலர் உடனே வாளை உருவவில்லை என்பது நினைவுகூரத்தக்கது. கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று அவர்கள் கூறுகின்றனர். கண்ணெதிரே உள்ள ஒரு மனிதனை உற்றுநோக்கிப் பெற்ற முடிவு அது. பொற்கொல்லன் அதற்கு மறுமொழியாக மற்றொரு சிலம்பைக் காட்டவில்லை. பரல் எது என ஆராயவும் சொல்லவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் களவுநூல் கூறும் எட்டையும் எடுத்துரைக்கிறான். பின்னர், தூதன் கோலத்தில் பகலில் வாயிலில் இருந்து, பெண் கோலத்தில் இரவில் உட்புகுந்து, இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து தப்பிய பழைய கள்வன் ஒருவனின் கதையைச் சொல்கிறான். அதைக் கேட்ட இளங்காவலன் ஒருவன், மாரிக்காலத்து நள்ளிரவில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வனைப் பற்றிய தன் பட்டறிவைச் சேர்க்கிறான். வேந்தன் தம்மை ஒறுப்பான் என்ற அச்சத்தையும் வெளியிடுகிறான். அடுத்த நொடியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை எறிகிறான்.

இங்கு நிகழ்வது யாது? முன்நிகழ்வுகள் அடுக்கப்பட அடுக்கப்பட, எதிரே நிற்கும் மனிதன் மறைகிறான். பழைய கள்வர் நல்லவர்போல் தோன்றினர். ஆகவே இவன் நல்லவனாகத் தோன்றுவதே இவன் கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. பொற்கொல்லன் சொன்ன கதை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது உண்மையாக இருந்தாலும் கோவலன் வழக்கோடு அதற்குத் தொடர்பில்லை. இரு வழக்குகளின் செய்திகள் ஒத்தவையா என்று காணாமல் முன்னதன் முடிவைப் பின்னதற்கு ஏற்றுவதன் கேட்டை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய பகுதி தமிழ்க் காப்பியங்களில் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

கண்ணகி மன்றம் ஏறியபோது அவளும் முன்வழக்குகளோடுதான் தொடங்குகிறாள். புறாவின் துயர் தீர்த்த சோழனும், ஆவின் கடைமணி அழுகை கேட்டுத் தன் மகனையே ஆழியில் மடித்த சோழனும் அவள் ஊரின் பெயரோடு சேர்ந்தே வருகின்றனர். இவை சோழர் மன்றத்து முடிவுகள். பாண்டியனைக் கட்டுப்படுத்துவன அல்ல. இக்காலத்து வழக்குரைஞர் சொல்வதுபோல், ஓர் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு மற்றோர் உயர்நீதிமன்றத்தைக் கட்டாது. ஆயினும் எண்ணிப்பார்க்கத்தக்க மதிப்புடையது. பாண்டியன் அவற்றுக்கு மறுமொழி கூறவில்லை. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது, அது வேந்தர் கடமை எனப் பொதுவிதியைக் கூறுகிறான். அவன் காலத்து நெறிப்படி அவ்விதி பிழையன்று. அவ்விதியைப் பொருத்துவதற்குரிய செய்திதான் மெய்ப்பிக்கப்படவில்லை. மாணிக்கப் பரல் தெறித்தபின் வழக்கு முடிகிறது.

சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையை அமைக்கும்போது ஆட்சி, ஆவணம், காட்சி என மூன்று சான்றுகளைக் கூறுகிறார். மூல ஓலையைக் கேட்டு, எழுத்தை ஒப்பிட்டு, குலத்தில் அத்தகைய நடைமுறை உண்டா என வினவி அந்த அவை மெல்ல நகர்கிறது. மதுரை அவையத்தில் அம்மூன்றுள் காட்சி ஒன்றே இடம்பெற்றது. அதுவும் குற்றம் சாட்டப்பட்டவன் இறந்த பின்னரே.

வார்த்திகன் வழக்கும் சங்கமன் வழக்கும்

கட்டுரை காதையில் மதுராபதி கண்ணகியின் பின்னால் வந்து நின்று பேசுகிறாள். அவள் பேச்சு பாண்டியர் குலத்துக்கான வாதம் என்பது வெளிப்படை. பாண்டியன் மறையொலி கேட்டதன்றி முறையிடுவோரின் மணியொலி கேட்டறியாதவன் என்று தொடங்குகிறாள். (இது புகழ்ச்சிதானா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. மணி ஒலிக்காத ஊரில் குறையே இல்லை என்பதும் உண்டு. குறையுடையவர் மணியை எட்ட முடியவில்லை என்பதும் உண்டு.) பின்னர்க் கீரந்தை மனைக் கதவைத் தட்டிய பிழைக்குத் தன் கையையே தண்டித்துக்கொண்ட பொற்கைப் பாண்டியன் வரலாறு வருகிறது. அது எல்லோரும் அறிந்தது. இங்கு நாம் நின்று நோக்க வேண்டியது அடுத்து வரும் வார்த்திகன் வழக்கு.

பராசரன் என்னும் அந்தணன் சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில் தங்கால் என்னும் ஊரில் தங்குகிறான். அங்கு விளையாடிய சிறுவருள் வார்த்திகன் மகன் தக்கிணன் மழலை மாறாத வாயால் தன்னோடு ஒப்ப மறை ஓதியதைக் கண்டு மகிழ்ந்து அவனுக்கு அணிகலன்களை அளித்துச் செல்கிறான். அக்குடும்பம் அணிகலன் பூண்டதைக் கண்டு பொறாத காவலர், அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தவன் எனக் கூறி வார்த்திகனைச் சிறையிலிடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்கவில்லை. மன்னன் காரணம் தேடுகிறான், உண்மை அறிகிறான், பொறுத்தருள வேண்டுகிறான், தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு அளிக்கிறான். அதனோடு அவன் நிறுத்தவில்லை. சிறைக்கோட்டங்களைத் திறந்துவிடுமாறும், இறை செலுத்த வேண்டியோரை அதிலிருந்து விடுவிக்குமாறும், புதையலாயினும் பிறர் இட்டதாயினும் அது பெற்றவர்க்கே உரியது என்றும் யானைமேல் முரசறையச் செய்கிறான்.

இவ்வழக்கைக் கோவலன் வழக்கின் அருகில் வைத்துப் பார்ப்போர் வியப்படைவர். இரண்டிலும் அணிகலனே பொருள். இரண்டிலும் அது ஒருவர் கையில் இருப்பதே குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இரண்டிலும் பழி சுமத்துவோர் அரண்மனையைச் சார்ந்தோர். இரண்டிலும் மனைவியின் துயர் வழக்கை மன்னன்முன் கொண்டுவருகிறது. இரண்டிலும் மன்னன் தன் பிழையை ஒப்புக்கொள்கிறான். வேறுபாடு ஒன்றுதான். வார்த்திகன் சிறையில் இருந்தான். ஆகவே திருத்துவதற்கு ஆள் இருந்தான். இத்தகைய பிழை நேரக்கூடும் என்பதை மதுரை அரண்மனை முன்னரே அறிந்திருந்தது; அறிந்ததை நாடறிய முரசறைந்தும் இருந்தது. கோவலன் வழக்கில் பிறர் கதைகள் எல்லாம் எடுத்துரைக்கப்பட்டன. அவ்வவையத்தின் சொந்த வழக்கு மட்டும் எவர் நாவிலும் வரவில்லை. அதை அறிந்த தெய்வமும் நகர் எரிந்தபின்தான் வாய் திறந்தது.

மற்றொரு வேறுபாட்டையும் மறைக்கலாகாது. வார்த்திகன் அந்தணன், உள்ளூரான். கோவலன் வணிகன், அயலான். தண்டனையின் அளவில் பிறப்புக்குப் பங்கு இருந்தது என்பதற்கு நூலில் நேர்ச்சான்று இல்லை. ஆயினும் வஞ்சின மாலையில் எரி எவரை விடுத்துச் செல்ல வேண்டும் என்ற பட்டியலில் பார்ப்பார் முதலிடம் பெறுவதை நினைக்கும்போது, இவ்வையத்தை முற்றிலும் தள்ளிவிடவும் இயலவில்லை.

மூன்றாவதாக வருவது சங்கமன் கதை. கலிங்க நாட்டில் சிங்கபுரமும் கபிலபுரமும் பகைகொண்டிருந்த காலத்தில் சிங்கபுரக் கடைத்தெருவில் அணிகலன் விற்றுவந்த சங்கமன் என்னும் வணிகனை, அரசு ஊழியனாகிய பரதன் பகைவரின் ஒற்றன் எனப் பிடித்து மன்னனுக்குக் காட்டிக் கொல்விக்கிறான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து மலையேறி, தமக்குத் துன்பம் செய்தோர் இதுவே பெறுக எனச் சாபமிட்டு உயிர்விடுகிறாள். அந்தப் பரதனே கோவலன் என்று தெய்வம் கூறுகிறது.

ஆய்வாளர் இதை ஊழ்வினைக் கொள்கையின் எடுத்துக்காட்டாகக் கொள்வதோடு அமைகின்றனர். ஆனால் அவ்வினை தோன்றிய இடம் எது? அதுவும் ஒரு நீதிமன்றப் பிழைதான். அணிகலனோடு வந்த அயலான், பொறாமையுற்ற அரண்மனை ஊழியன், ஆராயாத மன்னன், கதறும் மனைவி என எல்லாம் மீண்டும் அங்கே இருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை: அப்பிழையை எவரும் திருத்தவில்லை. வார்த்திகன்மேல் இழைக்கப்பட்ட தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது, ஈடுசெய்யப்பட்டது, விதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் அது அவ்வளவில் முடிந்தது. சங்கமன்மேல் இழைக்கப்பட்ட தவறு அப்படியே விடப்பட்டது. அது மறுபிறப்பில் வந்து பலித்தது. இவ்விரு வழக்குகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயல் எனக் கொள்ள இயலாது. இளங்கோவடிகள் 'ஊழ்' எனக் கூறுவதன் உள்ளீடு, குறைந்தது இக்காதையில், திருத்தப்படாத தீர்ப்பு என்பதே நம் துணிபு.

தெய்வம் இக்கதைகளைக் கூறியது மன்னன் பிழையை மறைப்பதற்கே என்று தடை எழுப்பலாம். நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். வழக்குரைஞர் தம் கட்சிக்காரருக்காக எடுத்துக்காட்டும் பழைய தீர்ப்பு, கவனமாகப் படிக்கப்படும்போது அவர் கட்சிக்கு எதிராகப் பேசுவது மன்றங்களில் புதிதன்று. வார்த்திகன் வழக்கு பாண்டியர் குலத்தின் பெருமையைக் காட்டுகிறது. அதே அளவுக்கு நெடுஞ்செழியனின் மறதியையும் காட்டிவிடுகிறது.

மலையெல்லையில்

கண்ணகி வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து ஏறிய நெடுவேள் குன்றம் எது என்பதில் உரையாசிரியர் காலந்தொட்டே ஒருமித்த கருத்தில்லை. தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் வண்ணாத்திப்பாறையில் உள்ள மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் எனப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் கண்டுரைத்த பின்னர், தமிழுலகின் பார்வை அம்மலைமேல் பதிந்தது. இரு மாநிலங்களும் அவ்விடத்துக்கு உரிமை கூறுகின்றன. சித்திரை முழுநிலா நாள் ஒன்றில் மட்டும் வழிபாட்டுக்கு இசைவு தரப்படுகிறது. இரு மாவட்ட நிருவாகங்களும் கூடிப் பேசி ஏற்பாடு செய்ய, பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுவோரும் குமுளியிலிருந்து ஜீப்பில் வருவோரும் அன்று அங்கே கூடுகின்றனர். சேக்கிழார் கூறிய மூன்றும் இங்கே பிரிந்து கிடக்கின்றன: நில அளவை ஏடுகள் ஆவணம், ஆண்டுக்கொரு நாள் வழிபாடு ஆட்சி, சிதைந்த கற்சுவர்கள் காட்சி.

இம்மலைத்தொடரில் சட்டம் எவ்வாறு இயங்கிவந்துள்ளது என்பதற்கு அண்மையிலேயே ஒரு பெருவழக்கு உண்டு. முல்லைப்பெரியாற்று நீருக்காக 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசும் பிரித்தானிய இந்திய அரசும் 999 ஆண்டுக்குக் குத்தகை எழுதிக்கொண்டன. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வரி. அணை 1895இல் முடிந்தது. அந்நீரில் மின்னாக்கம் செய்யலாமா என்ற பூசல் எழுந்தபோது, நடுவர் இருவர் வேறுபட, மேல்நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941இல் அது பாசனத்துக்கு மட்டுமே உரியது என முடிவு கூறினார். 1970 மே 29இல் இரு மாநிலங்களும் துணை ஒப்பந்தங்கள் செய்து, வரியை 30 ரூபாயாக உயர்த்தி, மின்னாக்கத்துக்கும் வழி செய்தன. 1941ஆம் ஆண்டு முடிவு தந்த தடை இவ்வாறு இசைவினால் நீங்கியது.

நீர்மட்டம் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 2006 பிப்ரவரி 27இல் 136 அடியிலிருந்து 142 அடிவரை உயர்த்தலாம் எனத் தீர்ப்பளித்தது. கேரளச் சட்டமன்றம் அடுத்த மாதமே தன் பாசன, நீர்ப்பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி 136 அடி என வரையறுத்தது. 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தம் செல்லாது என அறிவித்தது. அணையின் உறுதி பற்றி 2006இல் கண்ட முடிவு இரு தரப்பாரையும் கட்டும் முன்முடிபு என்பதும், நீதிமன்றம் ஆராய்ந்து கண்ட செய்தியைச் சட்டமன்றம் சட்டமியற்றி அழிக்க முடியாது என்பதும் அதன் சாரம். தமிழ்நாட்டின் உழவர் இதனை வரவேற்றது இயல்பு. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றிலும் அப்பாலும் வாழ்வோரின் அச்சம் இதனால் தீர்ந்துவிட்டது எனக் கூற இயலாது என்பதையும் நடுநிலையாளர் மறுக்கமாட்டார். அத்தோட்டங்களில் தமிழரும் உள்ளனர். முடிந்த வழக்கைக் கிளறலாகாது என்ற விதியும், கட்டுமானம் ஒன்றின் உறுதியை அவ்வப்போது ஆராய்ந்தே தீரவேண்டும் என்ற தேவையும் ஒன்றையொன்று உரசுகின்றன. 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மேற்பார்வைக் குழுவை விரிவாக்கி அதற்கு அச்சட்ட அதிகாரங்களை வழங்கியதும் அவ்வுரசலின் விளைவுகளே.

இதே 1970 மே 29இல் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தமும் கையொப்பமாயிற்று. பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் விடவேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. அது 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொண்டு, 30 ஆண்டுக்கொருமுறை மறுஆய்வுக்கு உரியது என எழுதப்பட்டது. ஒரே நாளில் ஒரே அரசுகள் கையொப்பமிட்ட இரு ஏடுகளுள் ஒன்று 999 ஆண்டைத் தொடர்கிறது. மற்றது தன்னைத் தானே மறுபடி பார்த்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் பாலக்காட்டு ஒப்பந்தம் பூசலற்றது அன்று. ஆயினும் திருத்தத்துக்கான வாயில் ஏட்டிலேயே இருக்கிறது.

இந்திய நீதிமன்றங்களுக்கும் இத்தேவை விளங்காமல் இல்லை. அரசியலமைப்பின் 141ஆம் உறுப்பு உச்சநீதிமன்றம் கூறும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டும் என்கிறது. 137ஆம் உறுப்பு அம்மன்றம் தன் தீர்ப்பைத் தானே சீராயலாம் என்கிறது. நீதிமன்றத்தின் செயலால் எவரும் கேடுறலாகாது என்ற கோட்பாட்டைக் கொண்டு 1988இல் அந்துலே வழக்கில் தன் முந்தைய ஆணையை அது திருத்திக்கொண்டது. 2002இல் குறைதீர் மனுவுக்கு இடமளித்தது. வார்த்திகன்முன் நின்ற பாண்டியனின் குரல் இவற்றில் கேட்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு கேட்க முடியாது என 1976இல் அளித்த தீர்ப்பை அதே மன்றம் 2017இல் பிழை என அறிவித்தது. இடையில் 41 ஆண்டுகள். இது மதுராபதி பேசிய நேரத்துக்கு நெருக்கமானது.

நம் துறையினர் எண்ண வேண்டியது ஒன்றுண்டு. வண்ணாத்திப்பாறை பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் சிலப்பதிகாரம் நிலவுரிமைப் பத்திரமாகக் காட்டப்படுகிறது. அக்கோட்டம் தமிழர் நினைவில் பெற்றிருக்கும் இடத்தை எவரும் மறுக்க வேண்டியதில்லை. வழிபாட்டு நாளை நீட்டிக்க வேண்டும் என்ற வேண்டுகோளிலும் நியாயம் உண்டு. ஆனால் சேர நாட்டு மலையில், குறவர் கண்டு கூற, சேர வேந்தன் எடுத்த கோட்டம் என்று காப்பியமே சொல்லும்போது, அதனை ஒரு மாநிலத்தின் ஆவணமாக மட்டும் நீட்டுவது பொற்கொல்லன் செய்ததற்கு வெகுதொலைவில் இல்லை: எதிரே உள்ளதை ஆராயாமல் பழங்கதையால் அதை மூடுவது. எல்லை வழக்கில் நில அளவை பேசட்டும். நூல் பேச வேண்டிய இடம் வேறு.

வஞ்சிக் காண்டத்தில் அவ்விடம் வருகிறது. வடநாட்டு வெற்றியைச் சோழனும் பாண்டியனும் இகழ்ந்தனர் எனக் கேட்டுச் செங்குட்டுவன் சினக்கும்போது, மாடலன் அவன் குலத்து முன்னோரை ஒருவர்பின் ஒருவராக எடுத்துரைக்கிறான். எத்துணைப் பெருஞ்செயல் செய்தோரும் நிலைத்திலர் என்பதே அவன் காட்டும் முன்வழக்கு. இங்கு எடுத்துரைப்பவன் செயலுக்கு முன் உரைக்கிறான், அரசனும் கேட்கிறான். நடுகற் காதையின் இறுதியில் ஆரிய மன்னர் சிறை நீங்குகின்றனர். சிறைக்கோட்டங்களைத் திறக்கவும் நாட்டின் இறையை நீக்கவும் செங்குட்டுவன் ஆணையிடுகிறான். வார்த்திகன் வழக்கின் முடிவில் பாண்டியன் முரசறைவித்த ஆணையை ஏறத்தாழ அதே சொற்களில் இளங்கோவடிகள் இங்கே மீண்டும் அமைத்திருக்கிறார். அறிந்த அளவில் உரைகாரர் எவரும் இவ்விரண்டையும் இணைத்துக் காட்டவில்லை.